ஓர் அமுக்கு, ஓர் அறை: தள்ளுவிசையைச் சுழற்சியாக்கும் ஒரு பொறியமைவின் வடிவமைப்பு

கேட்கப்பட்டது சிறிய பொருள்தான். மூடிய பெட்டிக்குள் ஆறு அறைகள் கொண்ட வட்டத் தட்டு. பெட்டியின் மேல் ஒரு குமிழ். குமிழை ஒருமுறை அமுக்கிவிட்டால் தட்டு சரியாக ஓர் அறை, அதாவது 60 பாகை, நகர வேண்டும். மோட்டாரோ மின்கலமோ கூடாது. கையுறை அணிந்தவர் குனிந்து பார்க்காமலே அமுக்கிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கும்படி இருக்க வேண்டும். தட்டின் விட்டம் 160 மி.மீ., மாதிரிக் குப்பிகள் நிறைந்த நிலையில் எடை 600 கிராம். அமுக்கும் விசை 20 நியூட்டனைத் தாண்டக்கூடாது. ஏறத்தாழ இரண்டு கிலோ எடை அழுத்துகிற அழுத்தம் அது.

இப்படியொரு பணி வந்தால் எல்லாரும் உடனே காகிதத்தை எடுத்து வரைவது, கீழே இறங்கும் தண்டு தட்டை எப்படித் திருப்பும் என்பதைத்தான். அதற்கு வழிக்குப் பஞ்சமில்லை. ஆனால் அமுக்கிய கை எடுபட்டதும் குமிழ் மேலே வந்தாக வேண்டும். அப்போது தட்டு என்ன செய்யும்? பாதி அமுக்கிவிட்டு விட்டால் என்ன ஆகும்? இந்த இரண்டு கேள்விகளும்தான் இறுதி வடிவத்தை முடிவு செய்தன. இறங்கும்போது நடப்பதற்கு அதில் அவ்வளவு பங்கில்லை.

எவை கழிந்தன

பற்சட்டமும் பற்சக்கரமும் முதலில் நினைவுக்கு வந்தன. கணக்கு அழகாகவே விழுகிறது: தொகுதி எண் (பல்லின் அளவைக் குறிக்கும் எண்) 1 உள்ள 23 பல் சக்கரத்தின் சுற்றளவு 72 மி.மீ. சொச்சம், சட்டம் 12 மி.மீ. இறங்கினால் சக்கரம் 60 பாகை திரும்பும். ஆனால் சட்டம் செங்குத்தாக இறங்கும்போது சக்கரத்தின் அச்சு கிடையாக நிற்கும். நமக்கோ தட்டின் அச்சும் தள்ளும் திசையும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கின்றன. இடையில் கூம்புப் பற்சக்கரங்கள் ஒரு ஜோடி வேண்டும். எளிய பொறி என்ற பேச்சு அதோடு முடிந்தது.

வளைதண்டும் அச்சுத் திசைச் சிக்கலிலேயே மாட்டியது. அதற்கு இன்னொரு பழைய நோயும் உண்டு. தள்ளும் கோடு அச்சின் வழியே செல்லும் இரண்டு நிலைகளில் எவ்வளவு தள்ளினாலும் முறுக்குவிசை பூச்சியம். நீராவி எந்திரத்தில் சமனாழியின் வேகம் அந்த இடங்களைக் கடத்திவிடும். ஒவ்வோர் அமுக்குக்கும் நின்று கிளம்பும் பொறியில் அது நடக்காது. (வளைதண்டுக்கு 1780இல் ஜேம்ஸ் பிக்கார்டு காப்புரிமை பெற்றிருந்ததால், அதைச் சுற்றிக்கொண்டு போக ஜேம்ஸ் வாட் 1781இல் சூரிய-கோள் பற்சக்கரத்துக்குக் காப்புரிமை எடுத்தார். தள்ளுவதைச் சுழற்றுவதில் பணமும் வழக்கும் புகுந்து நெடுங்காலமாகிறது.)

அச்சுகள் ஒரே கோட்டில் இருக்கும்போது இயல்பாகப் பொருந்துவது சாய்ந்த புரி. தண்டை அமுக்கினால் சுழலும் விளையாட்டுப் பம்பரத்திலும், கைப்பிடியை அமுக்கிச் சுழற்றும் தரைத் துடைப்பானிலும், மெல்லிய துளைகள் போடும் ஆர்க்கிமிடீஸ் துளைப்பானிலும் இருப்பது இதுவே: முறுக்கிய தண்டு ஒன்று, அதன்மேல் சுழலாமல் ஏறி இறங்கும் துண்டு ஒன்று.

வேலைக் கணக்கு

விசையை நகர்ந்த தூரத்தால் பெருக்கினால் வேலை. முறுக்குவிசையைத் திரும்பிய கோணத்தால் பெருக்கினாலும் வேலை. உராய்வு இல்லையென்றால் இரண்டும் சமம். பொறி எவ்வளவு தந்திரமானதாக இருந்தாலும் இந்தச் சமன்பாட்டை ஏமாற்ற முடியாது. ஆகவே வரைவதற்கு முன்பே தட்டு எவ்வளவு முறுக்குவிசை கேட்கிறது என்று பார்த்தோம்.

தட்டு 20 மி.மீ. ஆரமுள்ள பிளாஸ்டிக் வளையத்தின் மேல் உட்கார்ந்திருப்பதாக முதல் வரைபடம். எடை 5.9 நியூட்டன், எண்ணெயில்லாத பிளாஸ்டிக்குக்கு உராய்வுக் குணகம் 0.25 என்று கொண்டால் எதிர்க்கும் முறுக்குவிசை 0.03 நியூட்டன்-மீட்டர். இது அற்பம். ஆனால் மனிதர்கள் குமிழை மெதுவாக அமுக்குவதில்லை, தட்டுகிறார்கள். 0.2 விநாடியில் 60 பாகை என்றால், நிலைத்த முடுக்கத்தில், தட்டின் நிலைமத்துக்கு மட்டும் 0.1 நியூட்டன்-மீட்டர் தேவை. உராய்வைப்போல் மூன்று மடங்குக்கு மேல். அறை நேராக நிற்க ஒரு குண்டுப் பிடி (ஸ்பிரிங்கால் குழியில் அழுந்தும் சிறு குண்டு) வைத்தால் அதற்கு இன்னொரு 0.02. மொத்தம் 0.15.

60 பாகை என்பது 1.047 ரேடியன். 12 மி.மீ. ஓட்டத்தில் (குமிழ் இறங்கும் தூரத்தில்) இதை முடிக்க, உராய்வே இல்லாத உலகத்தில் 13 நியூட்டன் வேண்டும். புரியின் திறன், அதாவது கொடுத்த வேலையில் பயனாகும் பங்கு, 61 சதவீதம் என்றால் 21.5. திரும்பும் ஸ்பிரிங்கைச் சேர்க்கும் முன்பே வரம்பு போய்விட்டது. ஓட்டத்தை 18 மி.மீ. ஆக்கினால் 14.3 நியூட்டனாக இறங்குகிறது. இதற்கு மேல் நீட்டினால் குமிழ் பெட்டியின் மேல் துருத்திக்கொண்டு நிற்கும் என்பதால் 18இலேயே நிறுத்தினோம்.

சரிவு எவ்வளவு

அந்த 61 சதவீதம் எங்கிருந்து வந்தது? இதில் பலரும் உள்ளுணர்வை நம்பி வழிதவறுவதால் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

ஓட்டம் 18 மி.மீ., திருப்பம் ஆறில் ஒரு சுற்று. எனவே ஒரு முழுச் சுற்றுக்குப் புரியின் ஏற்றம் 108 மி.மீ. இது மாறாதது. நம் கையில் மிஞ்சுவது, புரியைத் தாங்கித் தட்டோடு சுழலும் உருளையின் விட்டம் மட்டுமே. விட்டம் பெரிதானால் புரி படுத்துக்கொள்ளும், சிறிதானால் நிமிர்ந்து நிற்கும். படுத்த சரிவில், குமிழின் தண்டோடு சேர்ந்து புரியைத் தள்ளும் முளை இறங்கும்போது உராய்வு அதைப் பிடித்துக்கொள்ளும்; சரிவுக் கோணம் உராய்வுக் கோணத்துக்கு (பொருள் தானாக வழுக்கத் தொடங்கும் சரிவுக்கு) கீழே போய்விட்டால் தள்ளி ஒன்றும் ஆகாது, பொறி பூட்டிக்கொள்ளும். சாதாரணத் திருகாணியைத் தலையில் அமுக்கினால் சுழலாததும் இதனால்தான். அப்படியானால் நிமிர்ந்திருப்பதே நல்லதா? அதுவும் இல்லை. மிக நிமிர்ந்த புரியில் திருப்பும் விசை மிகச் சிறிய ஆரத்தில் செயல்பட வேண்டியிருப்பதால் முளை சுவரை அழுத்தும் அழுத்தம் ஏறுகிறது, உராய்வும் கூடவே ஏறுகிறது.

இரண்டுக்கும் இடையில் ஓர் உச்சம் உண்டு: 45 பாகையோடு உராய்வுக் கோணத்தில் பாதியைக் கூட்ட வேண்டும். குணகம் 0.25 என்றால் உராய்வுக் கோணம் 14 பாகை, ஆகவே உச்சம் 52 பாகை. அங்கே கிடைக்கும் திறன் 61 சதவீதம். உராய்வைக் குறைக்காமல் இதற்கு மேல் எந்தச் சரிவாலும் தர முடியாது. நம் ஏற்றத்துக்கு இது 27 மி.மீ. விட்டத்தில் விழுகிறது. 26 மி.மீ. எடுத்தோம், திறனில் சொல்லத்தக்க மாற்றமில்லை. உச்சத்தின் இரு பக்கமும் வளைகோடு தட்டையாகவே இருப்பதால் விட்டத்தைச் சில மி.மீ. நகர்த்தத் தயங்க வேண்டியதில்லை. சுழற்சியைத் தள்ளலாக்கும் தூக்குத் திருகில் இதே பாதியைக் கூட்டாமல் கழிக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் உச்சம் 14 பாகை தள்ளிப்போய்விடும்.

தாங்குவளையம் தின்ற விசை

தாளில் 14.3 நியூட்டன் வந்த பொறி, மாதிரி உருவத்தில் கையைப் பிடித்து நிறுத்தியது. புரியில் குறையில்லை. புரியின் சரிவில் முளை கீழ்நோக்கி அழுத்தும்போது அந்த அழுத்தம் உருளை வழியாக நேரே தாங்குவளையத்தின் மேல் இறங்குகிறது. அதாவது அமுக்க அமுக்கத் தட்டு கனமாகிறது. கணக்குப் பார்த்தால், முளையின் ஒவ்வொரு நியூட்டனும் 0.0105 நியூட்டன்-மீட்டர் திருப்பத் தருகிறது. அதே நியூட்டன் 20 மி.மீ. வளையத்தில் 0.005 பிடித்துக்கொள்கிறது. சம்பாதித்ததில் பாதி வாசலிலேயே போகிறது. தேவைப்பட்ட விசை 27 நியூட்டன்.

மருந்து எளிது. எடையை அகன்ற வளையத்தில் வாங்காமல் நடுவில் 6 மி.மீ. ஆரமுள்ள சிறு வளையத்தில் வாங்கினோம். விளிம்பில் தட்டு ஆடாமல் இருக்க மட்டும் தொடாத அளவில் ஒரு கரை விட்டோம். இப்போது எடையின் உராய்வு 0.009 ஆகவும், முளையின் ஒரு நியூட்டனுக்கு இழப்பு 0.0015 ஆகவும் சுருங்கின. விசை 14.5க்குத் திரும்பியது.

குமிழை ஓரத்தில் அமுக்குபவர்களையும் கவனிக்க வேண்டும். குமிழின் விட்டம் 40 மி.மீ. என்றால் விரல் மையத்திலிருந்து 20 மி.மீ. விலகி விழலாம். தண்டு சாய்ந்து வழித்துளையின் இரு முனைகளிலும் எதிரெதிராக அழுத்தும். வழித்துளையின் நீளம், விலகலை உராய்வுக் குணகத்தின் இரு மடங்கால் பெருக்கிய அளவுக்குக் குறைந்தால் தண்டு சிக்கிக்கொள்ளும். இங்கே அது 10 மி.மீ. இந்தக் கணக்கில் விசை என்ற சொல்லே வராததைக் கவனியுங்கள்: சிக்கிய தண்டை இன்னும் பலமாக அமுக்கிப் பயனில்லை. 30 மி.மீ. நீளம் கொடுத்தோம். தண்டு சுழன்றுவிடாமல் தடுக்கும் விலா வரிகளை உள்ளே வைக்காமல் 20 மி.மீ. ஆரத்தில் வெளியே தள்ளினோம். ஆரம் கூடக்கூட அவற்றின் மேல் விழும் பக்க அழுத்தம் குறைகிறது, இழுவையும் குறைகிறது.

இனி கையை எடுப்போம்

புரி இறங்கும்போது வலமாகத் திருப்பினால் ஏறும்போது இடமாகத் திருப்பும். தட்டு போன இடத்துக்கே வந்து சேரும். இதைத் தடுக்க முதல் வரைபடத்தில் புரிக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு ராட்செட் இருந்தது: இறங்கும்போது நாக்கு பல்லைப் பிடித்துத் தள்ளும், ஏறும்போது வழுக்கிக்கொண்டு போகும்.

ராட்செட்டில் எத்தனை பல் வைப்பது என்பது சில்லறைக் கேள்வியாகத் தெரியும். 24 பல் வைத்தால் ஓசை மென்மையாக இருக்கும், நாக்கு எந்த இடத்திலும் பிடிக்கும். ஆனால் ஒருவர் பாதி அமுக்கிவிட்டு விட்டார் என்று வையுங்கள். தட்டு 30 பாகை போய் நின்றுவிடும். அடுத்த முழு அமுக்கில் அது 90இல் நிற்கும், அதற்கடுத்து 150. ஒருமுறை தவறினால் பிறகு எல்லாமே தவறு. ஆறே பல் வைத்தால் பிழை தானாகத் திருந்துகிறது: பாதி அமுக்கில் தட்டு 30இல் நின்றாலும், அடுத்த அமுக்கில் நாக்கு முதல் 30 பாகை வெறுமனே ஓடி, பிறகு பல்லைப் பிடித்து 60இல் கொண்டுபோய் விடும். ஆயினும் இடைப்பட்ட நேரத்தில் தட்டு இரண்டு அறைகளுக்கு நடுவே நிற்கிறது. பார்க்காமல் பயன்படுத்தும் பெட்டியில் இது பொறுக்கக்கூடிய குறை அல்ல.

விசைக் கணக்கும் உதவவில்லை. 14.5 நியூட்டனோடு விலா வரிகளின் உராய்வு ஒன்றரை, திரும்பும் ஸ்பிரிங் ஐந்து. 21 நியூட்டன். நாக்கு, அதற்கொரு சிறு ஸ்பிரிங், குண்டுப் பிடி என்று துண்டுகளும் பெருகிக்கொண்டே போயின.

வளைந்து திரும்பும் பள்ளம்

இரண்டாவது வழியில் புரிக்குப் பதிலாக உருளையைச் சுற்றி மேலும் கீழுமாக வளைந்து செல்லும் பள்ளம். அமுக்கும்போது முளை ஒரு சரிவில் இறங்கித் தட்டை 30 பாகை திருப்புகிறது. விடும்போது ஸ்பிரிங் முளையை அடுத்த சரிவில் ஏற்றி மீதி 30 பாகையை அதே திசையில் திருப்புகிறது. அமுக்கி எழுதும் பேனாவின் உள்ளே சுழலும் துண்டும் இதே குடும்பம்தான். ராட்செட் இல்லை, நாக்கு இல்லை.

ஆனால் இப்படிச் சொல்வதில் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. கீழ் முனையை அடைந்த முளைக்கு, தான் இப்போது ஏற வேண்டியது புதிய சரிவில், வந்த சரிவில் அல்ல என்று யார் சொல்வது? பள்ளத்தை ஒழுங்கான அலைபோல வரைந்தால் முளை பாதி நேரம் வந்த வழியே திரும்பும். குமிழ் ஏறி இறங்கும், தட்டு முன்னும் பின்னும் ஆடும்.

விடை பற்களின் கூர்முனைகளில் இருக்கிறது. உருளையின் மேற்பரப்பைக் காகிதம்போல் விரித்துப் போடுங்கள். கீழே ஒரு வரிசைப் பற்கள் மேல்நோக்கி நிற்கின்றன, மேலே ஒரு வரிசை கீழ்நோக்கித் தொங்குகின்றன. முளை இடமிருந்து வலமாகப் போக வேண்டும். கீழ் வரிசையின் பல்லில் வழுக்கி இறங்கி, இரு பற்களுக்கு இடையிலுள்ள குழியில் நிற்கிறது. அதே நேரத்தில் அதற்கு மேலே தொங்கும் பல்லின் நுனி, குழியின் நேர் மேலே இருக்கக் கூடாது. சற்று இடப்பக்கம், முளை ஏற்கெனவே கடந்த பக்கம், இருக்க வேண்டும். அப்போதுதான் நேரே மேலே கிளம்பும் முளை அந்தப் பல்லின் வலச் சரிவில் மோதி, மேலும் வலமாகத் தள்ளப்படும். மேல் குழிக்கும் கீழ்ப்பல்லின் நுனிக்கும் இதே உறவு. இரண்டு வரிசைகளையும் ஒன்றுக்கொன்று சற்றே விலக்கி வைப்பதில்தான் மொத்தப் பொறியும் தொங்குகிறது.

எவ்வளவு விலக்குவது? நுனி மழுங்கலையும் முளைக்கும் சுவருக்கும் இடையிலான விடுப்பையும் தாண்டியிருக்க வேண்டும். 26 மி.மீ. உருளையில் 1.2 மி.மீ. வைத்தோம்; கோணத்தில் ஐந்து பாகைக்குச் சற்று மேல். இதற்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு திசையிலும் முளை முதல் 4 மி.மீ. தூரம் எதையும் திருப்பாமல் நேராக நகர்கிறது. 18இல் மிஞ்சுவது 14 மி.மீ., அதற்குள் 30 பாகை. சரிவு 64 பாகைக்கு நிமிர்கிறது, திறன் 58 சதவீதமாகிறது. உச்சத்திலிருந்து மூன்றே புள்ளி இழப்பு. வளைகோடு தட்டையானது என்று முன்பு சொன்னதன் பயன் இது.

பதிலுக்குக் கிடைத்தவை பெரியவை. அமுக்கும்போது தட்டு 30 பாகைதான் போவதால் நிலைமத்தின் பங்கு பாதியாகிறது. ஓய்வில் முளை மேல் குழிக்குள் ஸ்பிரிங்கால் அழுந்தி நிற்பதால் அதுவே பிடியாகிறது. பல்லின் ஒரு பக்கத்தைச் செங்குத்தாக வைத்தால் தட்டு முன்னே ஓடவும் வழியில்லை. குண்டுப் பிடி தேவையில்லை. பாதி அமுக்கிவிட்டு விட்டால், குழியை எட்டாத முளை வந்த வழியே ஏறித் தட்டைப் பழைய அறைக்கே கொண்டுபோய் விடுகிறது. முழு அமுக்கு, அல்லது ஒன்றுமே இல்லை. கேட்கப்பட்டது சரியாக இதுதான், கேட்டவர் இந்தச் சொற்களில் கேட்காவிட்டாலும்.

விசை: திருப்பத்துக்கு 4.2 நியூட்டன், விலா வரிகளுக்கு ஒன்று, அடி நிலையில் ஸ்பிரிங்குக்கு 6. ஏறத்தாழ 11 நியூட்டன்.

ஸ்பிரிங் கொண்டுவந்த தொல்லைகள்

தட்டின் பாதிப் பயணம் இப்போது ஸ்பிரிங்கின் பொறுப்பு. அது மேல் நிலையில் 3 நியூட்டனும் கீழ் நிலையில் 6 நியூட்டனும் தருகிறது. எடை குறைவான காலித் தட்டை இந்த 3 நியூட்டன் அப்படியே மேலே தூக்கிவிடும், ஏனெனில் முளை மேல் வரிசைப் பற்களைத்தான் தள்ளுகிறது. நடு அச்சில் ஒரு வாஷரைத் தலையில் வைத்து உருளையைக் கீழே பிடித்தோம்.

அடுத்தது ஓசை. ஸ்பிரிங்கில் சேரும் 0.08 ஜூலில் உராய்வும் குமிழின் எடையும் ஒரு பகுதியைத்தான் சாப்பிடுகின்றன. மீதியில் பெரும்பகுதி தட்டின் வேகமாகி, கடைசியில் செங்குத்துச் சுவரில் மோதுகிறது. குப்பிகள் குலுங்கின. ஸ்பிரிங்கை இன்னும் மெலிதாக்கலாம். ஆனால் தூசி படிந்து உராய்வு கூடிய நாளில் தட்டு வழியிலேயே நின்றுவிடும். வேகத்துக்கு ஏற்பத் தடுக்கும் ஒன்றுதான் வேண்டும், நிலையாகத் தடுப்பது கூடாது. விளிம்புக் கரையின் சந்தில் பிசுபிசுப்பு மிகுந்த கிரீஸைத் தடவியது போதுமானதாக இருந்தது. மெதுவாகத் திரும்பும்போது அது இருப்பதே தெரியாது.

முளை ஒன்றே இருந்தால் உருளை ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டுத் தேயும். ஆறு அறைகள் என்பதால் 120 பாகை இடைவெளியில் மூன்று முளைகள் வைக்க முடிந்தது. பக்க விசைகள் ஒன்றையொன்று ஈடு செய்துகொள்கின்றன. உருளையை ஒரே துண்டாகச் செய்தால் முளைகளைப் பள்ளத்துக்குள் செலுத்த வழியில்லை. மேல் பல்வரிசை ஒரு வளையம், கீழ் வரிசை இன்னொன்று. இரண்டையும் இணைக்கும் சாவிக்கட்டைதான் அந்த 1.2 மி.மீ. விலகலை நிர்ணயிக்கிறது. படத்தில் மிக இறுக்கமான அளவு எல்லை குறிக்கப்பட்டிருப்பது அந்த ஒரு கட்டைக்குத்தான், மற்றவை தாராளமானவை.

இதே பெட்டியில் 12 அறைகள் முடியுமா என்பது அடுத்த கேள்வி. 26 மி.மீ. உருளையில் முடியாது. அரை ஓட்டத்துக்கு 15 பாகை, பரப்பில் 3.4 மி.மீ.; அதில் விலகலே 1.2. ஒரு பல்லின் முழு அகலம் 6.8 மி.மீ., அதற்குள் 4 மி.மீ. முளை நுழைந்து வர வேண்டும், பல் காகிதமாகிவிடும். விட்டத்தை 52 ஆக்கினால் விரித்துப் போட்ட பல்லின் வடிவம் ஒரு மி.மீ.கூட மாறாமல் அப்படியே திரும்பக் கிடைக்கிறது. தட்டு அமுக்குக்குப் பாதிதான் நகர்வதால் விசையும் இறங்குகிறது. நடுவில் 26 மி.மீ. கூடுதலாகப் பறிபோகும். 12 குப்பிகளும் விளிம்பை ஒட்டி நிற்பவை என்பதால் அந்த இடத்தை யாரும் கேட்கப்போவதில்லை. குமிழின் உள்ளிருக்கும் கிண்ணமும் மூடியின் துளையும் அதற்கேற்ப அகலும்போது விரல் விழும் விலகலும் கூடும். வழித்துளையின் 30 மி.மீ. நீளத்தில் அதற்கும் இடமிருக்கிறது.